சொந்தக் கையால் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்: பொன்னேரி வட்டாரத்தில் எது முடியும், எது முடியாது?

பொன்னேரி வட்டத்தில், ஜி.என்.டி. சாலையை ஒட்டி இருக்கிறது சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்து விமானங்கள் போய்விட்டன, தளம் மட்டும் மிஞ்சியது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத் தடமாக்கியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் திறக்கும்வரை, இந்தியாவில் மோட்டார் பந்தயம் என்றாலே சோழவரம்தான். கோயம்புத்தூர், பெங்களூர், பம்பாய், கல்கத்தா என்று எல்லா ஊர்க்காரர்களும் வருவார்கள். இலங்கையிலிருந்தும் வந்து ஓட்டியிருக்கிறார்கள். மக்கள் திருவிழாக் கூட்டமாகத் திரண்டு வெயிலில் நின்று பார்த்தார்கள்.

அவர்கள் எதை ஓட்டினார்கள் என்பதில்தான் நம் கதை தொடங்குகிறது. அந்தக் காலத்தில் இந்தியச் சாலையில் கிடைத்த கார்கள் மூன்றே மூன்று: அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றுமே குடும்பக் கார்கள். வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரை இறக்குமதி செய்ய, ராஜ குடும்பமாகவோ பெரிய தொழிலதிபராகவோ பிறந்திருக்க வேண்டும். மற்றவர்கள் என்ன செய்தார்கள்? இருக்கிற காரை உரித்தார்கள். மேல்கூட்டைக் கழற்றி, எடையைக் குறைத்து, இன்ஜினைத் திறந்து பாலிஷ் போட்டு, தகரத்திலோ அலுமினியத்திலோ தாழ்வான ஒரு உடம்பை அடித்துப் பொருத்தினார்கள். இப்படிப் பிறந்த வண்டிகளுக்கு 'ஸ்பெஷல்' என்று பெயர். அவர்களுக்குப் பணம் குறைவு, ஆசை அதிகம், கையில் தொழில் இருந்தது.

அதே ஆசை இன்றும் இருக்கிறது. ஏ.சி. கோப்ரா, போர்ஷே 550 ஸ்பைடர், லோட்டஸ் செவன் என்று 1950-60களின் உருவங்களைக் கைபேசியில் பார்த்துவிட்டு, 'இதை நம்ம ஊரில் கட்ட முடியாதா?' என்று கேட்கிறவர்கள் ஏராளம். கேள்வியில் தப்பில்லை. அசலை வாங்குவதை யாரும் நினைத்துப் பார்க்க முடியாது. கேரல் ஷெல்பி 1962-ல் உருவாக்கிய முதல் கோப்ரா 2016-ல் கலிஃபோர்னியாவில் ஏலத்துக்கு வந்தபோது ஒரு கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போனது. வெளிநாட்டிலிருந்து ஒரு நகலைத் தருவிக்கலாமா என்றால், மூன்று வயதைத் தாண்டிய பழைய காரைக் கொண்டுவரப் பொதுவாக அனுமதி கிடையாது. புதிதாக வாங்கினால் வரியே காரின் விலையைத் தொடும். மிச்சம் இருக்கிற வழி, இங்கேயே கட்டுவது.

வடசென்னைக்கு வடக்கே ஒரு கார் பூமி

கட்டுவதற்கு இதைவிடத் தோதான வட்டாரம் தமிழ்நாட்டில் குறைவு. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டிய கம்பெனிதான் எண்ணூரின் இன்றைய அசோக் லேலண்டு. 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு வந்தது. 1998-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூர் அருகே மிட்சுபிஷி லான்சரைத் தயாரித்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்கு, வார்ப்பு, குழாய், ஃபேப்ரிகேஷன் என்று இரும்பைத் தொட்டுப் பிழைக்கிற ஆயிரக்கணக்கான கைகள் இருக்கின்றன. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் புதுக் கார்கள் வரிசை வரிசையாகக் கப்பலேறுகின்றன. லேத் வேலை, சி.ஓ.2 வெல்டிங், ஷீட் வளைப்பு, பவுடர் கோட்டிங் எல்லாம் ஒரே சாலையில் முடிந்துவிடும். பழைய பாகம் வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது.

இதில் பலரும் யோசித்துப் பார்க்காத ஒரு சொத்து பழவேற்காட்டுப் பக்கம் இருக்கிறது. ஃபைபர் படகு கட்டுகிற கை அது. கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார் நகல்களில் பெரும்பாலானவற்றின் உடம்பு ஃபைபர்கிளாஸ்தான். படகுக்கும் காருக்கும் முறை ஒன்றே. மோல்டைத் துடைத்து மெழுகு பூசி, மேலே ஜெல்கோட்டை அரை மில்லிமீட்டர் கனத்துக்கு அடிக்கிறார்கள். அது விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற பதத்தில் முதல் கண்ணாடி இழை மேட்டை விரித்து ரெசினைப் பூசுகிறார்கள். பிறகு இரும்பு வளையங்கள் கோத்த உருளையை ஓட்டிக் காற்றுக் குமிழ்களை ஒவ்வொன்றாக விரட்டுகிறார்கள். குமிழ் மாட்டிக்கொண்டால் ஆறு மாதம் கழித்து பெயின்டின் அடியிலிருந்து அம்மைக் கொப்புளம்போல எழும்பும். ஒரு கிலோ ரெசினுக்குப் பத்து முதல் இருபது மில்லி கேட்டலிஸ்ட் கலப்பது வழக்கம். சித்திரை வெயிலில் அளவைக் குறைக்காவிட்டால் வாளியிலேயே கட்டியாகிவிடும். ஐப்பசி மழையில் ஈரம் புகுந்தால் சரியாக இறுகாது. கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேருக்கு நேர் கலந்தால் வெடிக்கும். முதலில் ஒன்றை ரெசினில் கரைத்துவிட்டுத்தான் மற்றதை ஊற்ற வேண்டும். இதெல்லாம் படகுப் பட்டறைக்காரருக்குத் தலைகீழ்ப் பாடம். இணையத்தில் படித்துவிட்டு மொட்டை மாடியில் முயல்கிறவர் முதலில் அங்கே போய் ஒரு வாரம் உதவியாளாக நிற்கட்டும்.

பட்ஜெட்டைத் தீர்மானிப்பது உருவம்

'பாடி செய்யத் தெரியும், ஆகவே கோப்ரா கட்டலாம்' என்று இறங்கினால் அங்கேதான் பணம் கரையும். கோப்ராவின் உடம்பு முழுக்க வளைவு. அதை நகலெடுக்க முதலில் முழு அளவில் ஒரு மாதிரியைச் செதுக்க வேண்டும். அதிலிருந்து மோல்டு எடுத்து, மோல்டிலிருந்து பாடி எடுக்க வேண்டும். மாதிரிக்கும் மோல்டுக்கும் ஆகிற உழைப்பும் செலவும் பாடியைவிடப் பல மடங்கு. ஐம்பது கார் செய்கிற கம்பெனிக்கு அது பிரித்துப்போகும். ஒரே ஒரு கார் செய்கிறவர் தலையில் மொத்தமும் விழும்.

குறைந்த செலவில் கட்டுகிறவர்கள் உலகம் முழுக்க லோட்டஸ் செவனைத் தேடிப் போவது அதனால்தான். காலின் சாப்மன் 1957-ல் கொண்டுவந்த கார் அது. பக்கவாட்டுத் தகடுகள் ஏறக்குறைய தட்டையானவை. மூக்கும் மட்கார்டும் மட்டும் ஃபைபரில் செய்தால் போதும். எடை அரை டன் சுற்றுவட்டாரம்தான். பிரிட்டனில் முழுக் காருக்கு விதித்த கொள்முதல் வரி, பிரித்த பாகங்களுக்குக் கிடையாது. அதனால் லோட்டஸ் இதைப் பெட்டியில் போட்டு விற்றது, வாங்கியவர் கொட்டகையில் வைத்துப் பூட்டிக்கொண்டார். 1973-ல் வாட் வந்தபின் அந்தச் சலுகை போனது. அதே ஆண்டு உரிமையை வாங்கிய கேட்டர்ஹாம் அந்த உருவத்தை இன்றும் விற்கிறது. 1996-ல் ரான் சாம்பியன் என்ற ஆங்கிலேயர், வெறும் 250 பவுண்டில் இப்படி ஒரு காரைக் கட்ட முடியும் என்று ஒரு புத்தகமே எழுதினார். ஒரு அங்குலச் சதுரக் குழாயை வெட்டி ஒட்டி சட்டகம், பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டிலிருந்து இன்ஜினும் அச்சும். அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டப்பட்ட கார்களுக்கு 'லோகாஸ்ட்' என்று பெயரே வந்துவிட்டது.

நம்மிடம் எஸ்கார்ட் கிடையாது. முன்சக்கரத்தில் இழுக்கிற இன்றைய கார்களின் இன்ஜின் இதற்கு நேராகப் பொருந்தாது. பின்சக்கரம் தள்ளுகிற வண்டி வேண்டும். இசுசு 1.8 இன்ஜின் வைத்த அம்பாசடரும் மாருதி ஜிப்சியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. என் கணக்கில் ஜிப்சிதான் சரியான டோனர், அதாவது பாகங்களைத் தருகிற வண்டி. அதன் 1.3 லிட்டர் இன்ஜினும் கியர் பாக்ஸும் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கின்றன. நான்கு சக்கரத்துக்குச் சக்தி பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் தனிப் பெட்டியாக இருப்பதால் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நேராகப் பின்னச்சுக்கு ஷாஃப்ட் கொடுக்கலாம். கிங் மாடலில் 80 குதிரைத்திறன். அரை டன் காருக்கு அது தாராளம்.

அலிபாக்கில் சிங்காரா மோட்டார்ஸ் செய்ததும் ஏறத்தாழ இதுதான். 2000களின் தொடக்கத்தில் அவர்கள் கட்டிய ரோட்ஸ்டர், செவனின் சாயலில் ஃபைபர் உடம்பும் அம்பாசடரின் இசுசு இன்ஜினும் கொண்டது. பெங்களூரின் சான் மோட்டார்ஸ் 1998-ல் ரெனோ இன்ஜினுடன் சான் ஸ்டார்ம் என்ற இரட்டை இருக்கைக் காரைக் கொண்டுவந்தது. அதற்கும் முன்னால், 1980களில் சிபானியின் டால்ஃபின் ஃபைபர் உடம்போடு வந்து சோழவரத்தில் ஃபியட்டுகளைத் திணறடித்தது. இவை எதுவும் பெரிய வியாபாரமாக வளரவில்லை. ஆனால் செய்ய முடியும் என்பதற்குச் சாட்சி.

மெட்ராஸில் பிறந்த சேசிஸ்

இங்கே நம் ஊர்க் காரான ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பற்றி நின்று பேச வேண்டும். வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961-ல் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. இத்தாலியர் ஜியோவானி மிக்கலோட்டி வரைந்த உருவம் அது. அம்பாசடரிலும் ஃபியட்டிலும் பாடியே சேசிஸ். வெட்டினால் கார் போயிற்று. ஹெரால்டுக்குத் தனி சேசிஸ், அதன்மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பூட்டிய பாடி. முழு முன்பக்கமும் ஒரே வாயாக முன்னோக்கித் திறக்கும். இங்கிலாந்தில் இதே சேசிஸைக் குட்டையாக்கித்தான் 1962-ல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஜென்ட்ரி, ஸ்பார்டன் போன்ற பழைய எம்.ஜி. சாயல் கிட் கார்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இந்தச் சேசிஸின் மேல்தான் ஏறின. ஆகவே ஒரு மெட்ராஸ் ஹெரால்டு வைத்திருப்பவர், ஸ்பிட்ஃபயரின் அண்ணனை வைத்திருக்கிறார்.

அதை வெட்டாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். மிஞ்சியிருக்கிற ஹெரால்டுகள் கொஞ்சம். 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கொண்டுவந்த விதிப்படி, 50 வயது தாண்டிய, அசல் உருவம் மாறாத கார் 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட விண்டேஜ் எண்ணைப் பெறலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. கண்காட்சிக்கும் ராலிக்கும் கொண்டுபோகலாம். ஹெரால்டு முழுக்க இந்த வயதைக் கடந்துவிட்டது. சேசிஸிலோ பாடியிலோ கைவைத்தால் அந்தத் தகுதி போய்விடும். குறைந்த செலவில், சட்டப்படி, சாலையில் ஓடுகிற ஒரு கிளாசிக் வேண்டும் என்கிற பொன்னேரிக்காரருக்கு அசல் ஹெரால்டோ ஃபியட் பத்மினியோதான் என் முதல் பரிந்துரை. அவற்றிலும் ஆர்.சி. உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே முன்பணம் கொடுங்கள். 15 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025-ல் அதுவும் இரட்டிப்பானது. எம்.எஸ்., டி.எம். என்று தொடங்கும் பழைய எண் பார்க்க அழகுதான். பதிவேட்டில் உரிமையாளர் பெயர் யாருடையது, சேசிஸ் எண் தகட்டில் இருப்பதும் புத்தகத்தில் இருப்பதும் ஒன்றா என்பதைக் கவனிக்காமல் வாங்கியவர்கள் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்திய வண்டியோடு நிற்கிறார்கள்.

சட்டம் எங்கே நிறுத்துகிறது?

பழைய காரை வாங்கி அதன்மேல் கோப்ரா பாடியைப் போட்டு, பழைய ஆர்.சி.யிலேயே ஓட்டிவிடலாம் என்று பட்டறைகளில் சொல்வார்கள். நம்ப வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதி செய்தது. நிறம் மாற்றலாம், சின்னச் சின்ன அலங்காரம் செய்யலாம், கட்டமைப்பை மாற்ற முடியாது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ விதிக்கலாம் என்றது. இதைவிடப் பெரிய ஆபத்து, விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கை விரித்துவிடும். அடிபட்டவருக்கு நஷ்ட ஈடு உங்கள் சொத்திலிருந்து போகும்.

சரி, அடியிலிருந்து புதிதாகக் கட்டிப் பதிவு செய்யலாமா? ஒவ்வொரு மாடலும் புனே ஏ.ஆர்.ஏ.ஐ., ஒரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் போன்ற ஓர் அமைப்பில் சோதனை முடித்துச் சான்று பெற வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்கிற கம்பெனிக்காக எழுதிய நடைமுறை அது. ஒரே ஒரு கார் கட்டுகிறவரால் அந்தச் செலவைத் தாங்க முடியாது.

கட்டிய காரைத் தடத்தில் ஓட்ட இந்தச் சிக்கல் இல்லை. டிரெய்லரில் ஏற்றி, மீஞ்சூரிலிருந்து வெளிவட்டச் சாலை பிடித்து நசரத்பேட்டையில் இறங்கினால் இருங்காட்டுக்கோட்டை பக்கம்தான். பந்தயத்தில் இறங்க இந்திய மோட்டார் விளையாட்டுச் சம்மேளனத்தின் உரிமமும், காருக்கு ஆய்வும் தேவை. ரோல் பார், ஹார்னெஸ் பெல்ட், தீயணைப்பான், எரிபொருள் டேங்கின் இடம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டும். தானே ஒட்டிய சட்டகத்தில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரின் உயிர் அந்த வெல்டிங்கில் தொங்குகிறது.

அதனால்தான் சட்டகத்தில் பணத்தைச் சேமிக்கக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். தட்டையான கனமான மேசையின்மேல் குழாய்களை அடுக்கி முதலில் டேக் மட்டும் போட வேண்டும். மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு குறுக்களவும் சமமாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். முழு வெல்டிங் ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறிப் போக வேண்டும். ஒரே பக்கம் ஓட்டினால் சூட்டில் இழுத்துக்கொண்டு சட்டகம் முறுக்கிவிடும். முறுக்கிய சட்டகத்தில் எந்த அலைன்மென்டும் நிற்காது. பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஒரே டோனரிலிருந்து முழுத் தொகுப்பாக வரட்டும். பெயின்டும் தோல் இருக்கையும் அடுத்த வருஷம் போட்டுக்கொள்ளலாம். பாதியில் கைவிட்ட புராஜெக்ட் விலைக்கு வந்தால் முதலில் அதன் சட்டகத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். வாங்குவதும் விடுவதும் அங்கேயே முடிவாகிவிடும். கட்டி முடித்த காரில் அசல் கம்பெனியின் முத்திரையை ஒட்டாதீர்கள். நாளை விற்கும்போது அது மோசடியாகும்.

கரியும் ஒரு கதவும்

இந்த ஆசையைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்களுக்கு எஸ். கரிவர்தனின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர் லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. சோழவரத்தில் ஓட்டியவர். வெளிநாட்டுக் காருக்காகக் காத்திருக்காமல் தானே பந்தயக் கார்களைக் கட்டினார். 1980களின் கடைசியில் மாருதி 800-இன் 796 சி.சி. இன்ஜினை ஓர் ஒற்றை இருக்கைச் சட்டகத்தில் வைத்து, நடுத்தரக் குடும்பத்துப் பையனும் எட்டிப் பிடிக்கிற பந்தயக் காராக்கினார். ஃபார்முலா மாருதி என்ற அந்தக் காரில்தான் நரேன் கார்த்திகேயன் தொடங்கினார். 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். கரி 1995-ல் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிப்பாளையத்துத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஃபார்முலா பாரத் போட்டிக்காக நாடெங்கிலுமிருந்து பொறியியல் மாணவர்கள் தாங்களே வடிவமைத்து ஒட்டிய கார்களோடு அங்கேதான் வருகிறார்கள்.

அந்த மாணவர்கள் படிப்பை முடித்து வெளியே வந்தால், கற்ற வேலையைச் சாலையில் காட்ட ஒரு வழியும் இல்லை. இது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பிரிட்டனில் 1998 முதல் தனிக் காருக்கென்று தனிச் சோதனை இருக்கிறது. 2009-ல் அதைத் தனி வாகன ஒப்புதல் என்று திருத்தினார்கள். கட்டியவர் காரைக் கொண்டுபோகிறார், ஆய்வாளர் பிரேக், விளக்கு, கூர்முனை, புகை எல்லாம் பார்க்கிறார், தேறினால் பதிவு எண் கிடைக்கிறது. அமெரிக்கா 2015-ல் நிறைவேற்றிய சட்டத்தில், 25 வயதுக்கு மேற்பட்ட கார்களின் நகலைச் சிறு கம்பெனி ஒன்று ஆண்டுக்கு 325 வரை செய்யலாம் என்று வழிவிட்டது.

இந்தியாவில் இது நடக்காத காரியம் என்று சொல்கிறவர்களுக்கு நம் நாட்டிலிருந்தே பதில் இருக்கிறது. மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி தன் வீட்டு மொட்டை மாடியில் ஒரு விமானத்தைக் கட்டினார். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2017 நவம்பரில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அதற்குப் பதிவு கொடுத்தது. வானத்தில் பறக்கிற வீட்டுத் தயாரிப்புக்கு ஒரு கதவு திறந்த நாட்டில், தரையில் ஓடுகிற வீட்டுத் தயாரிப்புக்கு ஒரு சின்னக் கதவு ஏன் கூடாது?

எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கவில்லை. ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு ஒரு கார், விற்பனைக்குத் தடை, விண்டேஜ் காருக்கு இருப்பதுபோல ஓட்டுவதில் கட்டுப்பாடு, வெல்டிங்குக்கும் பிரேக்குக்கும் புகைக்கும் நேரடிச் சோதனை, அதற்குரிய கட்டணம். சோதிக்கத் தேவையான கருவிகள் ஒரகடத்தில் இருக்கின்றன. மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு விதியைச் சேர்த்தால் போதும். கார்த் தொழிலால் வாழ்கிற தமிழ்நாட்டின் போக்குவரத்துத் துறை இந்த யோசனையை டெல்லிக்கு முதலில் எழுத வேண்டும். அந்த விதி வரும்வரை, கட்டுகிறவர்கள் தடத்துக்காகக் கட்டட்டும். டிரெய்லர் வாடகையையும் பட்ஜெட்டில் முதல் நாளே சேர்த்துக்கொள்ளட்டும்.